ஆடியில் வாங்கிய பெட்டி

உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறைய பேர். அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் சோறு குறைவில்லாமல் கிடைக்கும். படுக்க இடம் கிடைக்கும். தீபாவளிக்குத் துணிகூட எடுத்துத் தருவார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையின் பொருள் ஒன்றை நாம் தொட்டால் போதும், எல்லாருடைய கண்ணும் நம் கை மேல் வந்து உட்காரும். எனக்கு அந்தப் பொருள் ஒரு கம்ப்யூட்டர்.

சின்ன வயதுப் பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் வளர வளர அது கரைந்துபோனதாக எழுதுவார்கள். என்னுடையது கரையவில்லை. இப்போது சென்னையில் என் அறையில், என் சம்பளத்தில், ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் தங்கிப் படித்த வீட்டில் மாமா மகனிடம் இருந்த கறுப்புப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு வேகம். அப்படியும் அந்தப் பெட்டியை நினைத்தால் பொறாமை வரத்தான் செய்கிறது.

எங்கள் ஊர் கோலியனூருக்குப் பக்கம். அப்பா கட்டட வேலைக்குப் போவார். அம்மா களை எடுக்கவும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கவும் போவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். பத்தாவதை முதல் தடவையிலேயே தாண்டி, மார்க்கும் வாங்கி, பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். விழுப்புரத்தில் நாங்கள் கேட்ட இடங்களில் அந்தக் குரூப் நிரம்பிவிட்டது. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இடம் இருந்தது. அங்கேதான் அம்மாவின் அண்ணன் வீடு. அப்படித்தான் ஒரு துணிப்பையோடு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மாமா சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஓட்டினார். சொந்த வண்டி. ஒருமுறை கோட்டக்குப்பத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு துபாய்க்குப் போனபோது சாமான் ஏற்றப் போனார். வாடகைக்குப் பதிலாக அந்த வீட்டு அம்மா தன் மகனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே காற்றாடி சுற்றும்போது நீல வெளிச்சம் வரும். வந்த புதிதில் அதைப் போட்டால் அத்தர் வாசனை அடிக்குமாம். நான் போன வருடம் வாசனை போய்விட்டது, சூடான தூசியின் நாற்றம் மட்டும்தான். கீபோர்டில் நான்கு எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அதை யாரோ ஒரு பையன் வருடக்கணக்கில் விளையாடித் தேய்த்திருக்கிறான். முகம் தெரியாத அந்தப் பையன் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது.

மாமா மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன், பாலிடெக்னிக் போனான். அவனை நான் 'மாமா' என்று கூப்பிட வேண்டிய முறை. என் வாயில் அது வரவே வராது. "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான் என்றால் அத்தை தோசையைத் தட்டில் வைத்து அவன் கைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் அவனுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவன் போ என்றும் சொல்ல மாட்டான், உட்கார் என்றும் சொல்ல மாட்டான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே உரிமை தூசி தட்டுவது. வீட்டைப் பெருக்கித் துடைப்பது என் வேலை என்பதால் கம்ப்யூட்டரின் உள்ளே தட்டுவதும் என்னிடம் வந்தது. அத்தை ஒரு பழைய பெயின்ட் பிரஷ் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியைக் கழற்றி, பிரஷால் மெல்லத் தட்டிக்கொண்டே, பச்சைப் போர்டின் மேல் வெள்ளையில் அச்சடித்திருந்த எழுத்துகளை எல்லாம் படித்தேன். அவன் விளையாடிய கம்ப்யூட்டரை அவனைவிட நான் நன்றாகப் பார்த்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வருடம் புதிதாக ஒரு ஆட்டம் வந்தது. அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் அதில்தான் கிடந்தார்கள். இவன் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் காற்றாடி கிரைண்டர் மாதிரி கத்தும், படம் நின்று நின்று நகரும், இவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எவனோ இவனைச் சுட்டுவிடுவான். கூட்டாளிகள் ஹெட்போனில் சிரிப்பது எனக்கே கேட்கும். ஒரு நாள் சாப்பிடும்போது மாமாவிடம் முறையிட்டான். கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டு ப்ராசசரை மாற்றினால் போதும், கம்ப்யூட்டர் புதிதாகிவிடும் என்றான். மாமாவுக்கு மகன் எதையாவது கேட்டால் மறுக்க வராது. ஆடித் தள்ளுபடியில் விழுப்புரத்துக் கடையில் பார்க்கலாம் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "கழட்டறதெல்லாம் பாப்பாவுக்குக் குடுத்துடலாம். அதுவும் கம்ப்யூட்டர்தான படிக்குது" என்றார்.

அவர் அடுத்த வாய்ச் சோற்றில் அதை மறந்திருப்பார். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் அத்தையின் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒரு பத்தி படிக்க அரை மணி நேரம் ஆகும். அவனிடம் இருந்த போர்டு பழையது. ப்ராசசர் உட்காரும் குழி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு மாதிரி. நம் போர்டில் 1155 என்று போட்டிருந்தது. அப்போது கடைகளில் வந்தது 1151. அது இதில் உட்காராது. புது ப்ராசசர் வேண்டும் என்றால் போர்டையும் மாற்ற வேண்டும், போர்டை மாற்றினால் ரேமும் மாற்ற வேண்டும். கரன்ட் தருகிற டப்பாவை மட்டும் மாற்ற வேண்டாம், இருப்பதே போதும். இதையெல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டபோது எனக்குள் இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. பழைய போர்டு, பழைய ப்ராசசர், பழைய ரேம் மூன்றும் சேர்ந்து வெளியே வந்தால், அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். வெளிக்கூடும் மீதிச் சில்லறைச் சாமான்களும் தேற்றிவிட்டால் எனக்குச் சொந்தமாக ஒன்று ஆகிவிடும்.

நான் போய்ச் சொன்னேன். போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று, ஏன் என்றும் சொன்னேன். மாமா மகன் காதில் வாங்கிவிட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியாப்பா. போர்டு மாத்துனா பழைய போர்டு இவளுக்கு. அதான் மாத்துன்றா."

மாமாவும் சிரித்தார். "கில்லாடியாதான் கீது நம்ம பாப்பா" என்றார். அத்தை சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

நான் சொன்னது சரி. எனக்கு அந்தப் போர்டின் மேல் ஆசை இருந்ததும் சரி. இரண்டும் ஒரே வாயில் இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஆசை தெரிந்ததும் பேச்சு பொய்யாகிவிட்டது. அவனிடம் நான் மறுபடியும் தனியாகச் சொன்னேன். குழி வேறு என்றேன். அவன் எண்ணைக் கேட்டான். சொன்னேன். "இது நாலு கம்மிதான? பெரிய குழில சின்னது ஒக்காராதா?" என்றான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன்.

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை மாமாவும் அவனும் விழுப்புரம் போனார்கள். எனக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. மாலை திரும்பியபோது மேசை மேல் இரண்டு பெட்டிகள். கிராபிக்ஸ் கார்டு வந்த பெட்டி பெரிது, அதன் மேல் நெருப்புக் கக்கும் ஏதோ ஒரு மிருகம். ப்ராசசர் பெட்டி சின்னது, நீலமாக, மிட்டாய் டப்பா மாதிரி. போர்டு இல்லை.  அவனாகவே, போர்டு தேவையில்லை என்று கடைக்காரரே சொன்னதாகச் சொன்னான். பிறகு தெரிந்தது, கடைக்காரர் உங்களிடம் என்ன போர்டு என்று கேட்டிருக்கிறார், இவன் "புதுசுதான்" என்றிருக்கிறான்.

இங்கேதான் ஆடி மாதம் குறுக்கே வந்தது. நம் வீடுகளில் ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம் பேச மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள். ஆனால் தள்ளுபடி ஆடியில்தான். அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். வாங்குவது ஆடியில், பிரிப்பது ஆவணியில். சேலையானாலும் மிக்சியானாலும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். மகன் கெஞ்சினான், கோபப்பட்டான், ஒரு வேளை சாப்பிடாமல்கூடக் கிடந்தான். அத்தை அசையவில்லை. இரண்டு பெட்டிகளையும் சாமி அலமாரியில் படங்களுக்குக் கீழே வைத்து, ஆளுக்கொரு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துவிட்டாள். சேராவிட்டால் ஒரு வாரத்துக்குள் பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அது அந்த வீட்டில் யாருக்கும் ஒரு செய்தியாகவே படவில்லை.

மறுநாள் காலை விளக்கைத் துடைக்கப் போனபோது நீலப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பார்த்தேன். 1151.

வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அது சேராது, இப்பவே கொண்டுபோனால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அத்தைதான் பதில் சொன்னாள். பிரிக்கவே இல்லை, அதற்குள் சேராது என்று உனக்கு எப்படித் தெரியும் என்றாள். பெட்டி மேலேயே போட்டிருக்கிறது என்றேன். "வந்த பொருளப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஆவாதுன்னு சொல்லாதடி. வாய்ல நல்லதே வராதா ஒனக்கு?" என்றாள். மாமா வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு நாளும் அலமாரி முன்னால் போய் நின்றேன். எண் மாறியிருக்கும் என்று நினைத்து இல்லை. ஒருவேளை நான் தவறாகப் படித்திருந்தால், பெட்டியின் வேறு பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் என்று தேடிப் படித்தேன். படிக்கும்போது எனக்கு உதடு அசையும், இன்றைக்கும் அசையும். அத்தை சமையலறையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாமிக்கு முன்னால் நின்று, கண் இமைக்காமல், வாய்க்குள் முணுமுணுக்கிற வயசுப் பெண். சாயங்காலம் ஆனால் அவள் மகனுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண். அவள் இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி ஏற்கெனவே என்னைக் கேலி செய்வாள். "அந்தக் கம்ப்யூட்டர ஏண்டி அப்பிடிப் பாக்கற? அவனக் கட்டிக்கினா அதுவும் கூடவே வந்துடப் போவுது" என்பாள். எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர், அதோடு அவன் வருவதுதான் பேஜாரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்துவிட்டாள். அவித்த மல்லாட்டை ஒரு பை நிறைய. அத்தை போனில் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, அம்மாவின் முகம் வாடியிருந்தது. துணி எடுக்கப் போவதுபோல என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். கொடியில் அவனுடைய ஜீன்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. அந்தப் பையன் மேல ஒனக்கு எதனா இருக்குதா?"

"அவன் மேல இல்லம்மா. அவன் கம்ப்யூட்டர் மேல."

"கம்ப்யூட்டர் மேல இன்னாடி?"

"எனக்கு வேணும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு வேறு கவலை வந்தது. "அத்த கேட்டா பையன் மேலயும் இல்ல, கம்ப்யூட்டர் மேலயும் இல்லன்னு சொல்லு. படிப்பு மேலதான்னு சொல்லு. ஒன்ன ஊருக்கு இட்டுக்கினு போவச் சொல்றாங்க. நான் பேசிக்கிறேன், நீ கொஞ்ச நாளு அந்த ரூம் பக்கம் போவாத" என்றாள்.

கீழே போய் அம்மா அத்தையிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் அம்மா எப்போதும் கொஞ்சம் குனிந்துதான் பேசுவாள். அன்று நிறையவே குனிந்திருக்க வேண்டும். நான் பள்ளியில் தொடர முடிந்தது. ஒரு பெண் ஒரு பொருளுக்கு ஆசைப்பட முடியும் என்பதைவிட ஒரு பையனுக்கு ஆசைப்படுவாள் என்பது அத்தைக்குச் சுலபமாகப் புரிந்தது. இப்போது நினைத்தால் அவள் மேல் கோபம் வரவில்லை. தன் மகனைவிடப் பெரிதாக ஆசைப்பட அந்த வீட்டில் வேறு எதுவும் இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

மிச்ச ஆடி முழுக்க நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் காற்றாடி கத்துவதும் அவன் கீபோர்டைத் தட்டுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைக்காரர் சொன்ன ஒரு வாரம் எப்போதோ போய்விட்டது. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேப்பைக் கூழைத் தூக்கில் வாங்கி வந்தோம். அதைக் குடிக்கும்போதுகூட சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் காது இருந்தது.

ஆவணி முதல் நாள் காலையில் அத்தை பெட்டிகளுக்குக் கற்பூரம் காட்டினாள். மகன் குளித்துவிட்டுப் புது டி-சர்ட் போட்டிருந்தான். மாமா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் அறை வாசற்படியில் நின்றேன், உள்ளே போகவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றினான். கிராபிக்ஸ் கார்டை மாட்டினான், அது சரியாக உட்கார்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். பிறகு பழைய ப்ராசசரை எடுத்துவிட்டுப் புதியதைக் குழியில் வைத்தான். அது உட்காரவில்லை. திருப்பி வைத்தான். இன்னொரு பக்கம் திருப்பி வைத்தான். குழியின் அடியில் மயிரைவிட மெல்லிசான ஊசிகள் வரிசை வரிசையாக இருக்கும். பிரஷ் வைத்துத் தட்டும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் மூடியோடு விட்டுவிடுவேன், அவ்வளவு பயம் எனக்கு. அவன் கட்டைவிரலை ப்ராசசரின் நடுவில் வைத்தான்.

"அழுத்தாத" என்றேன்.

அழுத்தினான். மேலே கம்பியை இழுத்து மாட்டினான். மல்லாட்டை ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஸ்விட்சைப் போட்டபோது நீல வெளிச்சம் வந்தது, காற்றாடி சுற்றியது, படம் வரவில்லை. பழைய ப்ராசசரையே திரும்ப வைத்தும் படம் வரவில்லை. மாமா வீடியோவை நிறுத்தினார். நான் உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மழையில் சாய்ந்த நெல் மாதிரி ஒரு மூலையில் ஊசிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. எனக்கு வர வேண்டிய போர்டு அது. என் கண் எதிரே போய்விட்டது. அவன் கம்ப்யூட்டர் கெட்டதற்காக ஒரு துளிகூட வருத்தம் இல்லை எனக்கு. என் கம்ப்யூட்டர் கெட்டதற்குத்தான் அழுகை வந்தது.

அத்தை போய் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். கம்ப்யூட்டரைச் சுற்றி, மகனைச் சுற்றி, அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. அப்படி நெடி வராவிட்டால் கண்ணு பட்டிருக்கிறது என்று அர்த்தம். என் பெயரை அவள் சொல்லவில்லை, "ஆடி பூரா சாமி ரூம்ல நின்னு பாத்துக்கினு இருந்தா எப்பிடி வெளங்கும்" என்று அடுப்பிடம் சொன்னாள்.

பொறாமை எனக்கு இருந்தது, மூச்சு முட்டுகிற அளவுக்கு. ஆனால் பொறாமையால் ஊசி வளையாது. கட்டைவிரலால்தான் வளையும்.

கடைக்காரர் போனிலேயே முடியாது என்றுவிட்டார். நாள் போய்விட்டது, பெட்டியையும் பிரித்தாகிவிட்டது. புது ப்ராசசரைத் தூக்கிப் போடவும் முடியாது. அதற்குப் பொருந்துகிற போர்டும் ரேமும் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான் முதல் நாள் சொன்னதற்கே எல்லாரும் சுற்றி வந்து சேர்ந்தார்கள். இந்தமுறை வண்டியில் ஏறும்போது மாமா என்னையும் வரச் சொன்னார். மகன் பின்னால் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து வந்தான். நான் முன் சீட்டில். 

கடைக்காரர் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். மாமா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு பாப்பா" என்றார். நான் பெட்டிகளைத் திருப்பிப் படித்தேன். குழி எண் இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் கூட்டுக்குள் அடங்குமா, கரன்ட் வயர் எட்டுமா, ரேம் எத்தனை போடலாம் என்று கேட்டேன். ஒன்றில் ரேமுக்கு இரண்டு இடம்தான். இன்னொன்றில் நான்கு, அடுத்து வரப்போகிற ப்ராசசரும் அதில் உட்காரும் என்றார் கடைக்காரர். அந்த வார்த்தை எப்படி நெஞ்சில் குத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் அதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அவன் ப்ராசசரை மட்டும் மாற்றுவான். வெளியே வரும் போர்டு என்று இனி ஒன்று இருக்காது. இதில் எனக்கு இப்போதும் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை.

நான்கு இடம் உள்ளதைத் தொட்டு, இதுதான் என்றேன்.

மாமாவின் முகம் இளகியது. "இன்னிக்குதான் பாப்பா நீ மனசாரச் சொல்ற" என்றார்.

"அன்னிக்கும் இதத்தான் மாமா சொன்னேன். போர்டு மாத்தணும்னு."

"அன்னிக்கு ஒனக்கு அது மேல ஆச இருந்துச்சி இல்ல. இன்னிக்கு அது போயிடுச்சி. அதான் வார்த்த சுத்தமா வருது."

"இன்னிக்கும் இருக்குது மாமா. அன்னிக்கு இருந்தத விட ஜாஸ்தியா இருக்குது. ஆனா போர்டு இதுதான்."

கடைக்காரர் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமா மகன் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படிக்கிறவன்போல நின்றான். மாமா பணத்தை எண்ணி வைத்தார். திண்டிவனம் வரும்வரை வண்டியில் பாட்டுகூடப் போடவில்லை. மயிலம் பக்கம் வரும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சாலையைப் பார்த்தார்.

வீட்டில் ஸ்க்ரூடிரைவரை மகனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் பூட்டினேன். ப்ராசசரை வைத்தபோது அழுத்தவே இல்லை, விட்டதும் தானாகப் போய் உட்கார்ந்தது. ரேமை மாட்டியபோது இரண்டு பக்கமும் கிளிப் மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. அத்தை வாசற்படியில் நின்று பார்த்தாள். முன்பு நான் நின்ற படி. பழைய ப்ராசசரையும் ரேமையும் மாமா பேப்பரில் சுற்றி என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். போர்டு இல்லாமல் அவை எதற்கும் உதவாது என்று அவருக்கும் தெரியும். பின்னால் அம்மா அவற்றை ஊக்கு, பட்டன் போட்டு வைக்கும் டப்பாவில் பத்திரப்படுத்தினாள். வீடு மாறியபோது அந்த டப்பா எங்கோ போய்விட்டது.

ஸ்விட்சைப் போட்டேன். முதலில் கறுப்பு. பிறகு படம் வந்தது. மாமா மகன் அதற்குள் நாற்காலியை இழுத்துவிட்டான்.

"இரு. மொதல்ல பாப்பா ஒக்காரட்டும்" என்றார் மாமா.

"அவளுக்கு ஆடத் தெரியாதுப்பா."

"தெரியாட்டி இன்னா."

நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் அதுதான் முதல் தடவை. ஆட்டம் தொடங்கியது. இடிந்த ஊர், புகை, தூரத்தில் ஒரு பாலம். படம் எங்கேயும் நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. நான் எதையோ அழுத்தினேன், என் ஆள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். எப்படிக் கீழே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்படியே நடந்து போய்ச் சுவரில் முட்டினேன். யாரோ சுட்டுவிட்டார்கள்.

மாமா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேலயே பாத்துக்கினு கீறா. மழ வருமான்னு பாக்கறியா?" மாமாவும் சிரித்துவிட்டார், அத்தைகூட. அவன் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் தோளுக்கு மேல் கையை நீட்டி, தள்ளு, காட்டுகிறேன் என்று நான்கு விசைகளைத் தட்டிக் காட்டினான். அவன் விரல்கள் பார்க்காமலே போயின. திரையில் என் ஆள் மறுபடி உயிரோடு எழுந்து ஓடினான், குனிந்தான், திரும்பினான். அந்தப் பெட்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் எப்படி ஓடுவது என்று அவனுக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு எத்தனை சாயங்காலங்கள் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். போர்டுக்கு எரிந்ததைவிட அதற்கு அதிகமாக எரிந்தது.

போதும், எழுந்திரு என்றான். அத்தையும் அடுப்படியில் வேலை கிடக்கிறது என்று நினைவுபடுத்தினாள்.

அதற்குள் ஆட்டம் முடிந்து, மறுபடியும் தொடங்கவா என்று திரை கேட்டது. மவுஸுக்கு வந்த அவன் கையை விலக்கிவிட்டு, ஆமாம் என்ற இடத்தில் நான் அழுத்தினேன்.